ஹூஸ்டன் மருமகனுக்குக் குழாய் உபதேசம்

சில்வராடோ வாங்கிருக்கே, சந்தோசம் மருமவனே. 5.3 லிட்டர், எட்டு சிலிண்டர், நாலு கதவு, பின்னால ஒரு தொட்டி. அந்தத் தொட்டியில நீ இதுவரைக்கும் ஏத்துன பாரம்னு பாத்தா காஸ்ட்கோ அரிசி மூட்டையும் பிள்ளையோட சைக்கிளும்தான். குத்தம் சொல்லலை. அரிசி மூட்டைக்கும் கௌரவம் வேணும்ல.

இப்ப அதுக்கு ரெட்டைக் குழாய் போடணுங்கே. சத்தம் பத்தலையாம். மாமா தம்மாம்ல பிக்கப் வண்டிக்கு அடியிலயே படுத்துக் கெடந்த ஆளு, நல்லதா ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டிருக்கே. சொல்லுதேன். வண்டிக்கு அடியில படுத்தவனுக்குத்தான் தெரியும், மேல உக்காந்திருக்கவன் எது எதுக்கெல்லாம் காசைக் குடுத்து ஏமாந்திருக்கான்னு.

முதல்ல ஒரு கேள்வி. சத்தம் யாருக்கு? உனக்கா, ரோட்டுல போறவனுக்கா, இல்ல எதிர்வீட்டுல ஃபோர்டு வச்சிருக்கானே ஒரு டெக்ஸாஸ்காரன், அவனுக்கா? மூணாவதுன்னா இப்பவே சொல்லிரு. அந்த நோய்க்குக் குழாய்க் கடையில மருந்து கெடையாது.

ரெண்டு குழாய் போட்டா சத்தம் ரெண்டு மடங்கு வரும்னு நெனைச்சுக்கிட்டு இருக்கே. உன் வண்டிச் சத்தம் குழாயில பொறக்கலைலே, கிராங்க்ல பொறக்குது. உன் எஞ்சின் வெடிக்கிற வரிசை 1-8-7-2-6-5-4-3. ஒத்தைப்படை நம்பர் எல்லாம் டிரைவர் பக்கம், ரெட்டைப்படை எல்லாம் உன் வீட்டுக்காரி பக்கம். கிராங்க் ரெண்டு சுத்து சுத்துறதுக்குள்ள எட்டும் ஒரு தடவை வெடிச்சிரும், 90 டிகிரிக்கு ஒண்ணா. மொத்தமாப் பாத்தா ஒழுங்கு. ஆனா டிரைவர் பக்கத்தை மட்டும் தனியாக் கேட்டுப் பாரு. 1 வெடிச்சு 180 டிகிரி கழிச்சு 7. அதுக்கப்புறம் 270 டிகிரி சும்மா கெடந்துட்டு 5. பெறவு 180-ல 3. அது ஓயுறதுக்குள்ள, 90-லயே திரும்ப 1. அந்தப் பக்கமும் இதே தத்தக்கா பித்தக்காதான். நீ உருகுறியே அந்த ‘குடுகுடு’, அது இந்த ஒழுங்கீனத்தோட சத்தம். ஃபெராரியில கிராங்க் வேற வடிவம். இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாறி மாறி வெடிக்கும். அதான் அது கிறீச்சிடுது, உன்னது குமுறுது.

கம்பெனிக்காரன் என்ன செய்யுதான்னா, ரெண்டு பக்கத்துக் குழாயையும் வண்டிக்கு அடியில ஒண்ணாச் சேத்து ஒரே சைலன்சருக்குள்ள விட்டுருதான். ரெண்டு பக்கத்துத் தத்தக்காவும் கலந்து பாதி ஒழுங்காயிருது. நிஜமான ரெட்டைக் குழாய்னா ரெண்டு பக்கமும் சேராம, தனித்தனி சைலன்சர் வச்சு, கடைசி வரைக்கும் தனியாவே போகணும். அப்பதான் குடுகுடுப்பு கலையாம வெளிய வரும். நடுவுல குறுக்க ஒரு துண்டுக் குழாய் வச்சு இணைச்சா அதுக்கு எச்-பைப்னு பேரு; சத்தம் கட்டையா இருக்கும். ரெண்டையும் கத்தரிக்கோல் போட்டு ஒட்டுனா எக்ஸ்-பைப். சத்தம் கொஞ்சம் மழமழன்னு, ஒரு கட்டை ஏறி வரும்.

நீ படம் போட்டு அனுப்பிச்சியே, அது இது ரெண்டும் இல்ல. ஒரு குழாய் உள்ள போகுது, ஒரே சைலன்சர், அதுல இருந்து ரெண்டு வால் வெளிய வருது. நாயனத்துக்கு அடியில ரெண்டு அணசு மாட்டிட்டு ரெண்டு வித்வான் வாசிக்காங்கன்னு சொன்ன கதை அது. பாக்க லட்சணமா இருக்கும், ஊதுறது ஒரே ஆளுதான். கண்ணுக்கு அழகுக்காகப் போடுதேன்னு ஒத்துக்கிட்டுப் போடு, மாமா வாயைத் தெறக்க மாட்டேன். சவுண்டுக்குன்னு மட்டும் சொல்லாதே.

பவர் கூடும்னு கடைக்காரன் சொன்னானாக்கும். அவன் சொல்லுவான். நீ கணக்குல புலின்னு உங்க ஆத்தா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாளே, இதைப் போட்டுப் பாரு. மூணு இஞ்சு ஒத்தைக் குழாயோட வாய்ப் பரப்பு 7 சதுர இஞ்சு. ரெண்டேகால் இஞ்சுல ரெண்டு குழாய் போட்டா, ரெண்டையும் கூட்டி 8-க்கும் கொஞ்சம் கம்மி. அந்த ஒரு இஞ்சுக்கா ரெண்டு பக்கமும் சட்டத்துல ஆணி அடிச்சுத் தொங்கவிடப் போறே? சரி, பெருசா மூணு இஞ்சுலயே ரெண்டு போடுதேங்கியா, 14 சதுர இஞ்சு ஆயிரும். அவ்வளவு பெரிய வாய்க்காலுக்குத் தண்ணி எங்கலே இருக்கு? குழாய் அகலமாச்சுன்னா புகையோட வேகம் செத்துரும். வேகமாப் போற புகைதான் தனக்குப் பின்னால அடுத்த சிலிண்டர் புகையையும் இழுத்துட்டுப் போகும். அது போச்சுன்னா, சிக்னல்ல இருந்து வண்டி எடுக்கும்போது இழுவை குறையும். இதைப் புரிஞ்சுக்காமத்தான் ‘எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேணும்’னு பாதிப் பேரு பேசிக்கிட்டுத் திரியுதான். அழுத்தம் ஒரு எஞ்சினுக்கும் வேண்டாம். வேகம்தான் வேணும்.

ஆக, சத்தத்தைத் தீர்மானிக்கிறது வால் எத்தனைங்கிறது இல்ல, வயித்துக்குள்ள என்ன இருக்குங்கிறதுதான். சைலன்சர்ல ரெண்டு சாதி. ஒண்ணு உள்ள தகடு தகடா அறை கட்டினது. சத்தம் அறையில முட்டி முட்டித் திரும்பி, தன்னைத்தானே பாதி அடிச்சுக்கிட்டு வெளிய வரும். ஃப்ளோமாஸ்டர் 40 சீரிஸ்னு சொல்லுதாங்களே, அந்த வகை. முரட்டுச் சத்தம். ரெண்டாவது, ஓட்டை போட்ட நேர்க்குழாயைச் சுத்திப் பஞ்சு திணிச்சது. போர்லா, மேக்னாஃப்ளோ எல்லாம் அந்த வழி. சத்தம் வடிகட்டி வரும், கூர்மை குறைஞ்சு அடித்தொண்டை மட்டும் நிக்கும். செகப்புப் பெயின்ட் அடிச்ச செர்ரி பாம்னு ஒரு மலிவுச் சரக்கும் உண்டு, கண்ணாடிப் பஞ்சு வச்சது. பஞ்சு சூட்டுல கருகிப் பறக்கப் பறக்கச் சத்தம் தன்னால ஏறும். கூடுதல் காசு குடுக்காமலே வருசா வருசம் சத்தம் வளர்ற ஒரே ஐட்டம் அதுதான், உனக்குப் பிடிக்கும்.

தம்மாம்ல எங்க பட்டறைக்கு ஒரு சவுதிப் பையன் வந்தான். ஜிஎம்சி பிக்கப். ரெண்டு சைலன்சரையும் அறுத்துப் போட்டுட்டு வெறுங்குழாயா விடச் சொன்னான். அறுத்து விட்டோம். ஒரு வாரம் ஊரையே எழுப்பிட்டு, பழையபடியே ஒட்டிக் குடுங்கன்னு வந்து நின்னான். அவங்க அம்மா அந்த வண்டியில ஏற மாட்டேன்னுட்டாங்களாம். ஒரே வேலைக்கு ரெண்டு கூலி. அதனால சொல்லுதேன், உங்க ஊர் வெல்டிங்காரன் உன்னைப் பாத்துச் சிரிச்சா, அன்பாச் சிரிக்கான்னு நெனைச்சுறாதே.

அந்தப் பையன் பட்ட பாடு உனக்கும் காத்துக்கிட்டு இருக்கு. ‘ட்ரோன்’னு சொல்லுதாங்க. பார்க்கிங்ல நின்னு ரேஸ் பண்ணும்போது இது கேக்காது. ஹைவேயில ஒரே வேகத்துல போகும்போதுதான் வரும், கேபினுக்குள்ள ம்ம்ம்ம்னு ஒரு முனகல். கணக்கு இதான்: 1,800 ஆர்பிஎம்-னா கிராங்க் செகண்டுக்கு 30 சுத்து. சுத்துக்கு நாலு வெடி. அப்ப 120 ஹெர்ட்ஸ். இதுவாவது பரவால்ல. உன் சில்வராடோ பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன்னு நாலு சிலிண்டரைத் தூங்கப் போட்டுரும்; 2019-ல இருந்து வந்த பல வண்டியில 17 விதமா மூடித் தெறக்குற ஏற்பாடே இருக்கு. நாலு தூங்குனா வெடி பாதியாகி 60 ஹெர்ட்ஸ். அது காதுல கேக்குறதைவிட நெஞ்சுல கேக்கும். ஹூஸ்டன்ல இருந்து டல்லாஸ் 240 மைல் இருக்குமா? அவ்வளவு தூரமும் பக்கத்துல உன் வீட்டுக்காரி. எந்த முனகல் பெருசுன்னு நீயே பாத்துச் சொல்லு.

கம்பெனிக்காரன் வச்சிருக்கிற அந்த அசிங்கமான பெரிய சைலன்சர் இருக்கே, அதைச் செஞ்சவன் மடையன் இல்ல. இந்தத் தூங்கு முழிப்பு சத்தத்தை எல்லாம் அமுக்குறதுக்கு ஒருத்தன் மண்டையை ஒடச்சுச் செஞ்சது. நீ அதை அறுத்துக் கீழ போட்டுட்டு அந்த வேலையை யாருகிட்டக் குடுக்கப் போறே? ஜே-பைப்னு ஒரு வைத்தியம் இருக்கு. குழாய்ல ஒரு கிளை, அதோட முனையை அடைச்சிருப்பாங்க. அதுக்குள்ள போன சத்தம் முட்டித் திரும்பி வந்து, வர்ற சத்தத்தை அடிக்கும். சூடான புகையில 120 ஹெர்ட்ஸை அடிக்கச் சுமார் ஒரு மீட்டர் நீளம் வேணும். 60 ஹெர்ட்ஸுக்கு ரெண்டு மீட்டர். ஸ்டெப்னி, பெட்ரோல் டேங்க், ஷாக்கு எல்லாம் போக, ரெண்டு மீட்டருக்கு எடம் எங்க இருக்கு? தொட்டியில வேணா வச்சுக்கோ, சும்மாதானே கெடக்கு.

இன்னொண்ணு. நீ ராத்திரி முழிச்சுப் பாக்கிற வீடியோ எதுலயும் இந்த முனகல் இருக்காது. போன் ஸ்பீக்கருக்கு 60 ஹெர்ட்ஸை வெளிய துப்புற சக்தி கெடையாது. விக்கிறவனுக்கு எவ்வளவு தோது பாரு.

சத்தத்துல ஒரு பரம்பரைக் கதை சொல்லுதேன். ஹைரம் மேக்ஸிம்னு ஒருத்தர், மெஷின் கன் கண்டுபிடிச்ச மனுசன். சுட்டுச் சுட்டுப் பாத்துக் காது போச்சு. அவரு மகன் ஹைரம் பெர்சி மேக்ஸிம் என்ன செஞ்சாரு தெரியுமா? துப்பாக்கிக்குச் சைலன்சர் செஞ்சு 1909-ல காப்புரிமை வாங்குனாரு. எஞ்சின் சைலன்சருக்கும் அதே வித்தைதான். அப்பன் அடிச்ச சத்தத்துக்கு மகன் வாய்ப்பூட்டு போட்டான். உன் பிள்ளை இப்பவே காதைப் பொத்துதான்னு சொன்னே, பாத்துக்கோ.

சட்டம் என்ன சொல்லுதுன்னு நீ கேக்கலை. கேக்க மாட்டேன்னும் தெரியும். டெக்ஸாஸ்ல சொந்த வண்டிக்கு வருசாந்திர பாதுகாப்புச் சோதனையை 2025 ஜனவரியோட எடுத்துட்டாங்க, ஆனா உங்க ஹாரிஸ் கவுண்டியில புகைச் சோதனை இன்னும் இருக்கு. சைலன்சர் வேலை செய்யணும், அதைத் தாண்டிப் போற கள்ள வழிக் குழாய் வைக்கக் கூடாதுன்னு போக்குவரத்துச் சட்டத்துல தெளிவா எழுதியிருக்கு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழட்டுறது நாடு முழுக்கக் குத்தம். அதுக்குள்ள பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் இருக்குன்னு திருடன் ராத்திரியில வந்து அறுத்துட்டுப் போறான். நீ காசு குடுத்து அறுக்கணுங்கே. திருடன் உன்னைவிடக் கணக்குத் தெரிஞ்சவன். அதனால கன்வெர்ட்டருக்குப் பின்னால இருக்கிறதை மட்டும் தொடு.

இதையெல்லாம் கேட்டுட்டு, கரண்டு வண்டி வாங்கிக்கிடுதேன் மாமா, சத்தமே வேண்டாம்னு சொல்லப் போறியா? அங்கயும் தப்பிக்க முடியாது. டாட்ஜ்காரன் சார்ஜர் டேடோனான்னு ஒரு கரண்டுக் காரு விட்டிருக்கான். எஞ்சின் இல்ல, புகை இல்ல, ஆனா பின்னால சத்தம் போட ஒரு பெட்டி வச்சிருக்கான். 126 டெசிபல்னு பெருமையாச் சொல்லிக்கிட்டான். உன்னை மாதிரி ஆளுகளை அவன் நல்லாப் படிச்சிருக்கான்.

சரி, அறுக்காமத் தூக்கம் வராதுன்னா, மாமா தீர்ப்பைக் கேட்டுக்கோ. ஒத்தைக் குழாயே இருக்கட்டும். ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாச் சேக்குற கம்பெனி ஒய் குழாயைத் தொடாதே. சைலன்சரை மட்டும் நேர்க்குழாய் வகையா, இருக்கிறதுலயே நீளமானதா பாத்து மாத்து. அறை வச்ச முரட்டுச் சரக்கு இந்த நாலு சிலிண்டர் தூக்கத்தோட ஒத்துப் போகாது. வளைவெல்லாம் நசுங்காம வளைச்சதான்னு கை வச்சுத் தடவிப் பாரு. ரோட்டுல உப்புப் போடுற குளிர் ஊர் இல்ல உங்களது, அதனால 409 ஸ்டீலே போதும், 304-ன்னு சொல்லிக் கூடக் காசு புடுங்க விடாதே. வாங்குறதுக்கு முன்னாடி, அதே சைலன்சர் மாட்டின ஒருத்தன் வண்டியில 70 மைல் வேகத்துல அரை மணி நேரம் போயிட்டு வா. வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போ. அவ ஒண்ணும் சொல்லாம எறங்குனா வாங்கு.

கழட்டுன பழைய சைலன்சரை எடைக்குப் போட்டுறாதே. கிளாம்ப்பு, ரப்பரோட சேத்துக் கட்டி வீட்டுக் கொட்டடியில வை. நாளைக்கு வண்டியை விக்கும்போது வாங்க வர்றவன் முதல்ல கேக்குறது அதைத்தான்.