எதிர்காற்றும் எதிர்காற்று நிமித்தமும்: கொலம்பியா மலையிடுக்கில் மிதிவண்டிச் செலவு பற்றிய ஆய்வு

கேஸ்கேட் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு கொலம்பியா ஆறு மேற்கே ஓடும் இடுக்கு, அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு நடுவே உள்ளது. அங்கே மூன்று நாள் மிதிவண்டிப் பயணத்துக்குத் திட்டம் போடுவதே ஈண்டு ஆய்வுப் பொருள். பயணம் போவது ஆய்வின் எல்லைக்குள் வராது. திட்டம் போட்டவர்கள் பலருக்கும் அது அப்படியே எல்லைக்கு வெளியில் நின்றுவிடுகிறது என்க.

முதலில் முதற்பொருள். நிலம் சுமார் 130 கிலோமீட்டர் நீளம். பாறைச் சுவர்கள் 1,200 மீட்டர் வரை எழும். நடுவிலுள்ள கேஸ்கேட் லாக்ஸில் ஆண்டுக்கு ஏறத்தாழ 75 அங்குல மழை. அங்கிருந்து 65 கிலோமீட்டர் கிழக்கே த டால்ஸில் 14 அங்குலத்தை ஒட்டித்தான். ஆகவே மழைக்கோட்டு வேண்டுமா என்ற வினாவுக்கு விடை, அதை எந்த ஊரில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. பெரும்பொழுது கோடை. சிறுபொழுது வைகறை, காரணம் பின்னர்.

கருப்பொருள் வருமாறு. மரம், மேற்கே டக்ளஸ் ஃபிர், கிழக்கே ஓக். நீர், 189 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மல்ட்னோமா அருவி. உணவு, ஹூட் ரிவர் பேரிக்காய். பறை, சரக்கு ரயிலின் ஊதல். ஆற்றின் இரு கரையிலும் இருப்புப்பாதை உண்டாகையால், கூடாரத்தை எந்தக் கரையில் அடித்தாலும் பறை கேட்கும்.

தெய்வம், பொறியாளர் சாமுவேல் லங்காஸ்டர். 1913இல் இங்கே மலைச்சாலை போடத் தொடங்கியவர், ஏற்றம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வகுத்துக்கொண்டார். அக்காலத்துக் கார்களின் எஞ்சின் வலு அவ்வளவுதான். நூறாண்டு கழித்து, நாற்பது வயதுக்காரரின் முழங்காலுக்கும் அதே அளவு பொருந்துவது ஆய்வாளர் கவனத்துக்குரியது. ஆற்றுக்கு மேலே 223 மீட்டர் உயரத்தில், கிரவுன் பாயின்ட் என்ற பாறை முனையில், வழிப்போக்கர் நின்று பார்க்கவும் ஒதுங்கவும் விஸ்டா ஹவுஸ் என்ற மண்டபம் 1918இல் திறக்கப்பட்டது. செலவு எகிறியதைக் கண்டவர்கள் அதை லட்சம் டாலர் கழிப்பறை என்று நொந்துகொண்டார்களாம். முதல் நாள் ஏற்றம் முடிந்து அங்கே போய்ச் சேர்பவர் எவரும் அந்தத் தொகையைக் குறை சொல்ல மாட்டார் என்பது எம் துணிபு.

உரிப்பொருள், எதிர்காற்றும் எதிர்காற்று நிமித்தமும்.

கோடையில் உள்நாட்டு வறள்நிலம் கொதிக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைகிறது. பசிபிக் கடல்மேலுள்ள குளிர்காற்று உள்ளே நுழையப் பார்க்கிறது. கேஸ்கேட் மலைத்தொடரில் ஏறக்குறையக் கடல்மட்டத்திலேயே உள்ள ஒரே வாசல் இந்த இடுக்கு. எல்லாக் காற்றும் இங்கேயே முண்டியடிக்க, பிற்பகலில் வேகம் கூடுகிறது. பாய்ப்பலகை விளையாட்டுக்காரர்கள் ஹூட் ரிவரில் குவிவது இதை நம்பித்தான். எனவே மேற்கே ட்ரௌட்டேலில் தொடங்கிக் கிழக்கே த டால்ஸ் வரை போகும் சுமார் 120 கிலோமீட்டரில் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். இதில் கருத்து வேறுபாடே இல்லை.

திரும்புவது எப்படி? திட்டங்கள் இங்கேதான் திடீரெனச் சுருக்கமாகிவிடுகின்றன. போகும் வழிக்கு ஏற்றம், இறக்கம், காபிக்கடை, கழிப்பறை என மூன்று பக்கம் எழுதியவர், வரும் வழிக்கு ‘அதே வழி’ என்று முடிக்கிறார். அதே வழி அல்ல, காற்று எதிரில்.

பேருந்தில் திரும்பலாம் என்பர் ஒரு சாரார். முகப்புத் தாங்கியில் சில மிதிவண்டிகளே ஏறும். தவிர, அது ஆய்வு நெறிக்கு இழுக்கு. வடகரைச் சாலையில் திரும்பலாம் என்பர் மற்றொரு சாரார். கரை மாறினால் காற்றும் மாறும் என்று நம்புவோர் இவர்கள். மாறாது, கூடுதலாகச் சுரங்கங்களும் லாரிகளும் கிடைக்கும். வைகறையில் கிளம்பி, காற்று எழுமுன் ஓட்டிவிட்டுப் பிற்பகல் முழுவதும் படுத்திருக்க வேண்டும் என்பதே எம் கட்சி. ஒரே நாளில் வலுவானவர் ஓட்டிவிடும் தூரத்துக்குப் பல நாள் ஏன் என்ற ஐயமும் இதனால் தீர்ந்தது. ரயில் ஊதல் தூக்கத்தைக் கெடுக்கிறதே எனின், அது கெடுதல் அன்று. வைகறைக்கு ஆள் எழுப்பும் ஏற்பாடு.

இனி எம் புதுக் கண்டுபிடிப்பு. குளிர்காலத்தில் இங்கே காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசும். ஆகவே ஜூலையில் கிழக்கே போய், டிசம்பர்வரை த டால்ஸில் தங்கி, மேற்கே திரும்பினால் இருவழியும் காற்று முதுகில்தான். மறுப்போர் வழியிலுள்ள மோசியர் இரட்டைச் சுரங்கத்தைக் காட்டுவர். இன்று மிதிவண்டிக்கும் நடைக்கும் மட்டுமே உரிய அச்சுரங்கச் சுவரில், 1921 நவம்பர் 19 முதல் 27 வரை பனியில் அகப்பட்டுக் கிடந்ததாக வழிப்போக்கர் இருவர் பெயர் செதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் காரில் வந்தவர்கள். ஆகவே அச்சான்று மிதிவண்டிக்குச் செல்லாது.