மூன்றாவது பாட்டுக்குப் பிறகு

எண்பதுகளின் சென்னையில் 'த கிளாஷ்' என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு எனக்கு வெறும் குரல்தான். ரெக்கார்டிங் சென்டரில் காலி கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் பாட்டைப் பதிந்து வைத்திருப்பார்கள். அட்டையில் பாட்டுகளின் பெயர் மட்டும் பேனாவால் எழுதியிருக்கும், படம் கிடையாது. அதன் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரின் முகம் தெரியாமலே அவர் பாட்டுகள் எனக்கு மனப்பாடம்.

முகத்தைக் காட்டியது ஒரு புத்தகம். பென்னி ஸ்மித் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களின் தொகுப்பு, 'த கிளாஷ்: பிஃபோர் அண்ட் ஆஃப்டர்'. 1980இல் வந்தது. லண்டனின் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' வார இதழுக்குப் படம் எடுத்துவந்தவர் அவர். குழுவோடு ஊர் ஊராகப் போனதால் மேடைக்கு வெளியிலும் அவர்களைப் பிடித்திருக்கிறார். படங்களுக்கான குறிப்புகளை எழுதியவர்கள் குழுவின் நால்வரேதான். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆல்பம் புரட்டிக் காட்டுவதுபோல இருந்தது எனக்கு.

அந்தப் பயணங்களில் பிறந்ததுதான் 'லண்டன் காலிங்' இசைத்தட்டின் அட்டைப்படம். 1979 செப்டம்பர், நியூயார்க் பல்லேடியம் அரங்கு. ரசிகர்களை இருக்கையை விட்டு எழுந்து ஆடவிடாமல் காவலர்கள் தடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆத்திரத்தில்தான் மேடையில் தன் கிட்டாரை உடைத்ததாகக் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் பால் சிமனன் பின்னாளில் சொன்னார். படத்தில் அவர் கால்களை அகட்டி, முதுகை வளைத்து, ஃபெண்டர் பேஸ் கிட்டாரை இரண்டு கையாலும் தலைகீழாக ஓங்குகிறார். முகம் தெரியவில்லை. தன்னை நோக்கி வருகிறார் என்று பின்வாங்கியபடியே ஸ்மித் பொத்தானை அழுத்தியதால் படம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. அட்டைக்கு இது ஆகாது என்றார் அவர். இதுதான் வேண்டும் என்று ஸ்ட்ரம்மரும் அட்டையை வடிவமைத்த ரே லோரியும் பிடிவாதமாக நின்றார்கள். எல்விஸ் பிரெஸ்லியின் 1956 முதல் ஆல்பத்தைப் போலவே இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் எழுத்து போட்டார் லோரி. அந்த அட்டை 2010இல் பிரிட்டிஷ் தபால்தலையில் ஏறியது. உடைந்த கிட்டாரை 2019இல் லண்டன் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது.

இன்று பெரிய கச்சேரிகளில் புகைப்படக்காரர்களுக்குப் பொதுவாக ஒரு விதி உண்டு: முதல் மூன்று பாட்டு மட்டும், ஃபிளாஷ் கூடாது. நான்காவது பாட்டு தொடங்கும்போது அவர்கள் மேடைக்கு முன்னாலிருந்து வெளியேறியிருக்க வேண்டும். பல்லேடியத்தில் கிட்டார் உடைந்தது கச்சேரி முடியும் தறுவாயில். அந்த விதி அன்று ஸ்மித்தையும் கட்டியிருந்தால் அந்தப் படமே இல்லை.

கடைசிவரை படம் எடுப்பவர்கள் இப்போது ரசிகர்கள்தான். அதில் எனக்கு மகிழ்ச்சியே. பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகூட அன்றிரவே தன் படத்தோடு வீடு திரும்புகிறது. முகம் தெரியாமல் பாட்டுக் கேட்ட எனக்கு அதன் அருமை தெரியும். ஆனால் செல்பேசி நிற்கும் இடம் கூட்டத்துக்குள். மேடையோரத்தில் நிற்கவும், வியர்வை காயாத முகத்தைக் கிட்டத்தில் பார்க்கவும், பாடுகிறவர்கள் ஒருவரை நம்பி உள்ளே விட வேண்டும். ஸ்மித்தின் படங்களில் தெரிவது அந்த நம்பிக்கை. அது ஓரிரவில் வருவதில்லை. கூடவே பயணம் செய்து சம்பாதிப்பது.

ஆகவே இன்றைய இசைக்குழுக்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒரே ஒரு புகைப்படக்காரரையாவது பயணம் முழுக்க உடன் அழைத்துப் போங்கள், கடைசிப் பாட்டு முடியும்வரை நிற்க விடுங்கள், அந்தப் படங்களைப் புத்தகமாகவும் போடுங்கள். உங்களை நேரில் பார்க்க வாய்ப்பே இல்லாத ஊர்களிலும் உங்கள் ரசிகர்கள் இருக்கிறார்கள்.