நாலு விரல்

அசைபோடும் எருமைபோலத் தெருவோரம் ஒரு கார் படுத்துக் கிடந்தால், பக்கத்தில் அதன் சொந்தக்காரர் குந்தி உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டு அளந்துகொண்டிருப்பார். பாட்டிமார் உலைத்தண்ணீர் அளப்பார்களே, அதே பக்தி. கம்பெனி கொடுத்தது நாலு விரல். இவர் காசு கொடுத்து ஆக்கியது இரண்டு.

கோவையில் என் அக்கா மகன் இந்த ரகம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்துவிட்டு வந்த கையோடு பழைய ஸ்விஃப்ட்டைப் பட்டறையில் விட்டான். துணைக்கு நான். மெக்கானிக் ஸ்ட்ரட்டைக் கழற்றி, ஸ்பிரிங்குக்கு இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி, இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று என்று அமுக்கினார்.

“தள்ளி நில்லுங்க சார், நழுவுச்சுன்னா மூஞ்சி இருக்காது.”

நான் டீக்கடை வரைக்கும் தள்ளி நின்றேன்.

புது ஸ்பிரிங் குட்டை, ஆனால் விறைப்பு. வண்டியின் எடை மையம் கீழே இறங்குவதால் வளைவில் அவ்வளவாகச் சாயாதாம். உண்மைதான். அவிநாசி சாலையில் வளைவுக்கு எங்கே போவது?

வேகத்தடைக்குத்தான் பஞ்சமில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்கவேண்டும். மீந்த ஜல்லியில் ராவோடு ராவாகப் போட்ட மேடு எந்த விதியைப் படித்தது? வண்டிக்கு அடியில் இருந்த 170 மில்லிமீட்டரில் 40 போயாச்சு. நாலு பேர் ஏறினால் இன்னும் கொஞ்சம். ஆகவே பயல் மேட்டைக் கண்டதும் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவான். பின்னால் டவுன் பஸ் அலறும். இவன் ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வான்.

“மாமா, தட்டுச்சா?”

“இல்லடா.”

கர்ர்ர்ர்.

அவன் முகத்தை அப்போது பார்க்கக்கூடாது. இழவு வீட்டில்கூட அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை.

பழைய ஸ்பிரிங் நாலும் செய்தித்தாள் சுற்றிக் கட்டிலடியில் இருக்கின்றன. வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நினைவுக்கு வரும் இரவுகளில் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுப் படுப்பான்.

அக்காவைத்தான் ஒவ்வொரு மேட்டிலும் இறக்கி ஏற்றுகிறான். பாவம், அவளுக்குப் பழகிவிட்டது. போன வாரம் உக்கடம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேகத்தடை வந்தது. குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.