கூழு குடிக்கிற வண்டிக்குப் பன்னீரா?

போடு மாப்ள, தாராளமாப் போடு. செமி கிமின்னு கஞ்சத்தனம் பண்ணாம ஃபுல்லி சிந்தெட்டிக் ஆயிலே வாங்கி ஊத்து. உங்கப்பன் ஓட்டித் தேச்சு உன் தலையில கட்டுன 98 மாடல் ஸ்ப்ளெண்டருக்கு நீ செய்யாம வேற யாரு செய்வா? டயரு வழுக்கையாச்சு. செயினு தொங்கி லடக்கு லடக்குங்குது. ஏர் ஃபில்டரைத் தட்டுனா ஒரு பாத்திக்குக் கேவுரு விதைக்கலாம், அத்தினி மண்ணு கிடக்குது. அதையெல்லாம் எவன் குனிஞ்சு பாக்கப் போறான்? ஆயிலு மட்டும் ஆயிரம் ரூவாயில இருக்கணும். குடிக்கிறது கூழு, கொப்புளிக்கிறது பன்னீருன்னு எவனாச்சும் டீக்கடையில சொன்னா காதுல வாங்காத. பொறாமை புடிச்சவனுங்க.

சிந்தெட்டிக் ஒசத்திதான், அதுல எனக்கு ஒரு தகராறும் இல்ல. சூட்டுல சீக்கிரம் கெட்டுப் போவாது, குளிர்ல உறையாது. டப்பா மேல 10டபிள்யூ-30ன்னு போட்டிருக்கான் பாரு, அந்த டபிள்யூவுக்கு முன்னாடி நிக்கிறது குளிருக்கான கணக்கு. 20ன்னா மைனஸ் 15 டிகிரியிலயும் எஞ்சினு சுத்திக் கெளம்பும். 10ன்னா மைனஸ் 25. 0டபிள்யூன்னு ஒன்னு விக்கிறானே, அது மைனஸ் 35. மார்கழி மாசம் விடியக்காலம் வத்தல்மலை ஏறுனா நீ குரங்குக் குல்லா போட்டுக்கிட்டுப் பல்லு கிட்டிப் போயி நிக்கிற, வாஸ்தவம். ஆனா அங்க குடத்துத் தண்ணி உறைஞ்சு நான் பாத்ததில்ல. ரஷ்யாக்காரன் அந்தக் குளிருக்கு விலை குடுக்கிறான்னா அதுல ஒரு நியாயம் இருக்குது. பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்கும் வூட்டுக்கும் ஓட்டுற நீ எதுக்குடா குடுக்கிற?

பின்னாடி நிக்கிற நம்பருதான் நம்மூரு நம்பரு. எஞ்சின் காஞ்சு ஆயிலு 100 டிகிரிக்கு வந்தப்புறம் எத்தினி கெட்டியா நிக்குதுங்கிற கணக்கு அது. அந்தக் கணக்குல சாதா 30க்கும் சிந்தெட்டிக் 30க்கும் ஒரே வரம்புதான். ஆனா ஓட ஓட அந்தக் கெட்டியைக் காப்பாத்துறது யாருன்னு பாத்தா, சிந்தெட்டிக் ஜெயிக்கும். காத்துல ஆறுற எஞ்சினு, சித்திரை வெயிலு, பின்னாடி உங்கம்மா, டேங்கு மேல மூட்டை, சேலத்துப் பக்கமிருந்து தொப்பூர் கணவாய் ஏத்தம். அப்ப உள்ள ஆயிலு வேகுது. அந்த வேக்காட்டை அது கூடக் கொஞ்சம் தாங்கும். நான் மறைக்கல.

அதுக்குன்னு அது ஆகாசத்துல இருந்து இறங்குன சரக்குன்னு நெனைச்சுக்காத. நெறைய டப்பாவுக்குள்ள இருக்கறது அதே கச்சா எண்ணெய்தான், ஹைட்ரஜனைப் போட்டு இன்னும் நாலு தரம் சுத்தம் பண்ணுனது. அமெரிக்காவுல இதுக்காகவே மோபிலும் கேஸ்ட்ராலும் முட்டிக்கிட்டானுங்க. நான் கெமிக்கல்ல கட்டி உண்டாக்குறன், அவன் கச்சா எண்ணெயைக் கழுவிட்டு அதே பேரை ஒட்டிக்கிறான்னு மோபில்காரன் விளம்பரப் பஞ்சாயத்துல பிராது குடுத்தான். 1999ல தீர்ப்பு கேஸ்ட்ரால் பக்கம் போச்சு. நீ வாங்குறது எந்த வகைன்னு கடையில கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. டப்பா கலரு நல்லா இருந்திருக்கும்.

இப்ப மாமன் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும்னு கடைக்காரன் சொன்னான்ல? தாங்கும், ஃபில்டர் இருக்கிற வண்டியில. உன் வண்டியில பேப்பர் ஃபில்டரே கிடையாது மாப்ள. காருல கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசு மாட்டுறாங்களே, அந்த டப்பா இதுல இல்ல. வலது பக்கம் கிளட்ச் கவரைக் கழட்டுனா வட்டமா ஒரு கிண்ணி இருக்கும். சுத்துற வேகத்துல அழுக்கை ஓரத்துக்கு ஒதுக்கும். அடியில ஒரு கம்பி வலை. அவ்ளோதான் உன் ஃபில்டரு. அந்தக் கிண்ணியைக் கடைசியாத் தொறந்தது யாருன்னு உங்கப்பனைக் கேட்டுப் பாரு, மோட்டுவளையைப் பாப்பான்.

போன தையில பக்கத்து ஊரு வாத்தியாரு வண்டியைப் பிரிச்சப்ப நானும் மெக்கானிக் கடையில குந்தியிருந்தன். இதே மாடலு. பையன் அந்தக் கிண்ணிக்குள்ள ஸ்க்ரூ டிரைவரை வுட்டு நெம்புனான். கருகருன்னு, அரை வெரல் கனத்துக்கு அழுக்கு வளையமாப் பேத்துக்கிட்டு வந்துது. அதுல ஒரு துளி எடுத்து வெரல்ல தேச்சுப் பாத்தன். உள்ள மினுமினுன்னு அலுமினியத் தூளு. வாத்தியாரு அதைப் பாத்துட்டு, நான் நல்ல ஆயிலுதாங்க ஊத்துறன்னாரு. நல்ல ஆயிலுதான், யாரு இல்லைன்னா? ஆயிலு சாகாம இருக்கலாம். அது சுமக்கிற அழுக்கு எங்க போவும்? இந்த மாதிரி எஞ்சின்ல ஆயிலை மாத்துறதே அது கிழடாயிடுச்சுன்னு இல்ல, அழுக்கை வெளிய கொண்டு போறதுக்குத்தான். ஆயிரம் ரூவா ஆயிலுன்னா உனக்கு வடிக்க மனசு வராது. இன்னும் ஒரு மாசம், பொங்கல் போகட்டும், பங்குனி போகட்டும்னு இழுப்ப. அது எனக்குத் தெரியாதா? உங்க பரம்பரையை மூனு தலைமுறையாப் பாக்கிறன்.

டிப்ஸ்டிக் பாக்குற அழகும் அப்பிடித்தான். சென்டர் ஸ்டாண்டு போட்டு வண்டியை நேரா நிறுத்தி, குச்சியைத் துணியில தொடச்சு, மரையைத் திருகாமச் சும்மா ஓட்டையில உக்கார வச்சு எடுக்கணும். நீ மூடியை முழுசா முறுக்கி உள்ள இறக்கிட்டு எடுத்துப் பாத்து, ஃபுல்லா இருக்குது மாமாங்கிற. இருக்கும் இருக்கும்.

பொகைக்கு வருவோம். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை பைரவருக்குப் பூசணிக்காய் விளக்குப் போடப் போனியே, உன் பின்னாடி வந்தவங்க கண்ணைக் கசக்குனது பக்தியில இல்லப்பா. காலைல கிக்கர் அடிச்சதும் ஒரு மூச்சு நீலப் பொகை வந்து அடங்கிப் போச்சுன்னா வால்வு சீலு போயிருக்கும். சின்னச் செலவு. ஏத்தத்துல ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க வந்துக்கிட்டே இருந்துதுன்னா ரிங்கும் போரும் தேஞ்சிருக்குது, லேத்துக்கு அனுப்பணும். ரெண்டுக்கும் மருந்து டப்பாவுல இல்ல. தேஞ்ச ரிங்கு வழியாச் சாதா ஆயிலும் மேல ஏறி எரியும், சிந்தெட்டிக்கும் ஏறி எரியும். ஒரே வித்தியாசம், நீ வுடுறது விலை ஒசந்த பொகை.

சிந்தெட்டிக் ஊத்துனா பழைய வண்டி ஒழுகும்னு இன்னொரு கூட்டம் பயமுறுத்தும். அவங்க பேச்சையும் முழுசா நம்பாத. அம்பது வருசத்துக்கு முந்தி வந்த சரக்கு ரப்பர் சீலைச் சுருங்க வச்சது நெசம். அதுக்கப்புறம் அதைச் சரி பண்ற மருந்தையும் சேத்தேதான் விக்கிறான். இப்ப ஒழுகுதுன்னா, காஞ்சு வெடிச்ச சீலை இத்தினி நாளா அழுக்கு அடைச்சு மானத்தைக் காப்பாத்துச்சுன்னு அர்த்தம். ஆயிலு அதைக் கழுவிடுச்சு.

உங்க சித்தப்பா காருக்கு ஊத்தி மிச்சமிருக்குன்னு ஒரு கேனைத் தூக்கிக்கிட்டு வருவியே, அதை மட்டும் வண்டிப் பக்கம் கொண்டு வராத. பைக்குல எஞ்சினு, கியரு, கிளட்ச் பிளேட்டு எல்லாம் ஒரே ஆயில்லதான் முங்கிக் கிடக்குது. காரு ஆயில்ல மைலேஜுக்குன்னு வழுக்குற மருந்து போட்டிருப்பான். கிளட்ச் வழுக்குனா தொப்பூர் ஏத்தத்துல எஞ்சினு கத்தும், வண்டி நிக்கும். டப்பாவுல ஜாசோ எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு இருக்குதான்னு பாரு. சாதாவா சிந்தெட்டிக்கான்னு பாக்குறதுக்கு முந்தி பாக்க வேண்டியது அது.

சரி, என்னதான் ஊத்துறதுங்கிற. கம்பெனிக்காரன் சொல்றது 10டபிள்யூ-30. பொகை இல்ல, லெவல் குறையல, ஒழுக்கு இல்லன்னா அதையே ஊத்து. சாதாவே போதும், ஆசையா இருந்தா செமி ஊத்திக்க, கெட்டுப் போவாது. குடிக்க ஆரம்பிச்ச எஞ்சின்னா 20டபிள்யூ-40 சாதா ஊத்து. கொஞ்சம் கெட்டி, மைலேஜ் துளி குறையும், ஆனா குடிக்கிறது அடங்கும். மூவாயிரத்துக்கு ஒருக்கா வடிச்சுடு, எஞ்சினு சூடா இருக்கிறப்பவே வடி, வாஷரை மாத்து. மிச்சமாகிற காசுல அந்தக் கிண்ணியைத் தொறக்கச் சொல்லு, ஏர் ஃபில்டரை மாத்து. கிரானைட் லாரி பின்னாடி போறவனுக்கு ஆயிலை வுட ஏர் ஃபில்டருதான் எஞ்சினைக் காப்பாத்தும். வடிச்ச ஆயிலை வாய்க்கால்ல ஊத்தாம மெக்கானிக் பேரல்ல ஊத்து. காலி டப்பாவைக் கத்தியால கிழிச்சுப் போட்டுட்டு வா. அப்பிடியே வுட்டா வடிச்ச ஆயிலே அதுல குடி வந்து புது ஆயிலா உன்கிட்டயே திரும்பி வரும், அதே விலைக்கு.

எங்க காலத்துல இந்தத் தலைவலியே இல்ல. 1980ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்துது. ஓசூரு அப்ப நம்ம தர்மபுரி ஜில்லா. கிருஷ்ணகிரி தனியாப் பிரிஞ்சு அதைக் கூட்டிக்கிட்டுப் போனது 2004ல. 2டி ஆயிலைப் பெட்ரோலோட கலந்து ஊத்துவான். அது வேலையை முடிச்சுட்டுப் பொகையாப் போயிரும். வடிக்கிறது இல்ல, குச்சி இல்ல, ஆராய்ச்சி இல்ல. 2015ல டிவிஎஸ் எக்ஸெல் 100 வந்துதா, அதுவும் ஃபோர் ஸ்ட்ரோக்காயிப் போச்சு. இப்ப என் வண்டிக்கும் ஆயிலு பாக்க வேண்டியிருக்குது.

நான் எத்தினி சொன்னாலும் நீ அந்த ஆயிரம் ரூவா டப்பாவைத்தான் வாங்குவ, எனக்குத் தெரியும். வாங்கு. உன் வண்டி புடிக்கிறது 900 மில்லி, டப்பா ஒரு லிட்டரு. மிச்சம் 100 மில்லியை மூடியை இறுக்கி நம்ம திண்ணை மேல வச்சுட்டுப் போ. சாதாவும் சிந்தெட்டிக்கும் கலந்தா திரிஞ்சிடும்னு சொல்றதெல்லாம் கட்டுக்கதை, என் எக்ஸெல்லுக்கு ஒன்னும் ஆகாது. வாங்குறதுதான் வாங்குற, ஒசந்த சரக்கா எஸ்டர் சேத்ததாப் பாத்து வாங்கு.