மணி என்ன சார்?

கைக்கடிகாரம் கட்டுகிற ஜாதியை எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். முழுக்கைச் சட்டைதான்; ஆனால் இடது மணிக்கட்டில் மட்டும் அது அரை அங்குலம் மேலே ஏறியிருக்கும். பஸ் வரும் திசையைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், திரும்பத் திசையைப் பார்ப்பார், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். பார்த்த கை இறங்குவதற்குள் "மணி என்ன சார்?" என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அப்படியானால் சற்று முன் அவர் பார்த்தது எதை? என் கட்சி இதுதான்: வாட்ச்காரர் மணி தெரிந்துகொள்வதற்காகக் கையைப் பார்ப்பதில்லை. அவர் பேசுகிறார். வாயால் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும் சில விஷயங்களைக் கையால் சொல்கிறார். பஸ் நிறுத்தத்தில் அவர் சொன்னது, "நான் வேலை வெட்டி இல்லாமல் இங்கே நிற்கவில்லை, எனக்குப் போக ஓர் இடம் இருக்கிறது" என்பது. அதற்கு நிமிஷ முள் எங்கே நின்றாலும் சரிதான்.

இந்த மொழிக்கு இலக்கணம் உண்டு. அலுவலக வாசலில் விரல் ரேகை இயந்திரம் யார் எப்போது வந்தார் என்பதை விநாடி சுத்தமாகப் பதிந்துகொள்கிறது. அதன் அறிக்கை மேலாளரின் மேஜைக்கே வருகிறது. ஆனாலும் தாமதமாக நுழைகிற குமாஸ்தாவைக் கண்டதும் மேலாளர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார். இயந்திரம் பதிந்தது சம்பளப் பிடித்தத்துக்கு. இவர் பார்த்தது மானத்தை வாங்குவதற்கு. கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் ஒன்றேகால் மணிக்குக் கையைப் பார்த்தால், வரிசையின் முதல் ஆளுக்கு மட்டுமல்ல, கடைசி ஆளுக்கும் சாப்பாட்டு இடைவேளை அறிவிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். வீட்டில் இதன் பிரயோகம் இன்னும் நயமானது. விருந்தாளி எதிரில் கொட்டாவி விட்டால் வீட்டுக்காரருக்குக் காலமெல்லாம் கெட்ட பெயர். கையைச் சும்மா ஒரு தடவை பார்த்தால் போதும், "அப்ப நாங்க கிளம்பறோம்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். "அட, இருங்க, அப்படி என்ன அவசரம்?" என்பார் வீட்டுக்காரர், சொல்லிக்கொண்டே எழுந்து நின்று, செருப்பு கிடக்கும் பக்கமாக வழிகாட்டியபடி.

மணி தெரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால், தெரிந்தே பொய் மணி வைத்துக்கொள்வார்களா? வாட்ச்காரர்களில் ஒரு பெரும் பிரிவினர் கடிகாரத்தை ஐந்து நிமிஷம் முன்னால் ஓட விடுகிறவர்கள். "என் வாட்ச் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்" என்று அவர்கள் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் இருக்கும், பையன் வகுப்பில் முதலாவதாக வந்த மாதிரி. தாமதமாகாமல் இருக்க இது தந்திரமாம். தந்திரத்தைச் செய்தவருக்கே தந்திரம் தெரியும் என்பதால், அவர் ஒவ்வொரு முறையும் ஐந்தைக் கழித்துக்கொண்டு, கழித்தது போக இன்னும் இரண்டு நிமிஷம் மிச்சம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வழக்கம்போல் தாமதமாகவே கிளம்புகிறார். கூடத்தில் மாட்டிய கடிகாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட், சமையல்கட்டில் இருப்பது ஏழு நிமிஷம் என்று வைத்திருக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் கணக்கில் கெட்டியாக இருக்கிறார்கள். அது வரைக்கும் லாபம். ஆனால் இந்தக் கூட்டத்தாருக்கு நேரத்தின் மேல் ஆசை என்று மட்டும் யாரும் வாதிட முடியாது. நேரத்தை மதிக்கிறவர் என்று பெயர் எடுப்பதில்தான் ஆசை.

மேடைப் பேச்சாளரைப் பாருங்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்ததும் முதல் காரியமாகக் கடிகாரத்தைக் கழற்றுகிறார். ஸ்டீல் செயினின் கொக்கி 'டிக்'கென்று திறக்கும் ஓசை மைக்கில் கேட்கிறது. டயல் தன்னைப் பார்க்கும்படி அதை மேஜைமேல் வைக்கிறார். கூட்டத்துக்குள் ஒரு நம்பிக்கை பரவுகிறது. கட்டுப்பாடான மனிதர், சுருக்கமாக முடித்துவிடுவார். "நேரத்தின் அருமை கருதி" என்றுதான் தொடங்கவும் செய்கிறார். அதற்குப் பிறகு அந்தக் கடிகாரத்தின் பக்கம் அவர் பார்வை போவதே இல்லை. கையில் கட்டியிருந்தாலாவது, கையை ஆட்டிப் பேசும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்கும்; கழற்றி வைத்ததன் மூலம் அந்த ஆபத்தையும் நீக்கிக்கொண்டார். உண்மையான கடிகாரம் தலைவரின் கையில் துண்டுச் சீட்டாக இருக்கிறது. இரண்டாவது சீட்டு வந்து, மூன்றாவது சீட்டும் வந்த பிறகுதான் பேச்சு முடிகிறது. முடிந்ததும் மறக்காமல் எடுத்துக் கட்டிக்கொள்கிறார்.

கல்யாணத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவது பல குடும்பங்களில் பேசி முடிக்கப்படும் சமாசாரம். புகைப்படக்காரர் மாப்பிள்ளையை ஜன்னலோரம் நிறுத்தி, "அப்படியே வாட்சைப் பாருங்க, லேசா சிரிங்க" என்கிறார். ஆல்பத்தின் முதல் பக்கங்களில் அந்தப் படம் தவறாமல் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் சில படங்களில் கடிகாரம் பத்து மணி பத்து நிமிஷம் காட்டிக்கொண்டிருக்கும். முகூர்த்தமோ விடியற்காலை ஆறரைக்கு. பேட்டரி தீராமல் இருக்க, சாவியை வெளியே இழுத்து அடியில் குட்டிப் பிளாஸ்டிக் துண்டைச் செருகித்தான் கடிகாரங்கள் கடைக்கு வருகின்றன. விளம்பரங்களிலும் இரண்டு முள்ளும் பத்து பத்தில்தான் நிற்கும். நடுவே கம்பெனிப் பெயர் மறைக்கப்படாமல் தெரிய வேண்டுமே. அந்தத் துண்டைப் பிடுங்கக்கூட மாப்பிள்ளைக்குத் தோன்றவில்லை. தாலி கட்டும் நேரத்தைச் சொல்ல வேண்டிய புரோகிதர் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்துக்கொள்கிறார்.

இதெல்லாம் செல்போன் வந்த பிறகு வந்த சீரழிவு, அந்தக் காலத்தில் கடிகாரம் மணி பார்க்கத்தான் பயன்பட்டது என்று பெரியவர்கள் ஆட்சேபிக்கலாம். எச்.எம்.டி. வைத்திருந்தவர்கள் கட்டாயம் ஆட்சேபிப்பார்கள். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. அதன் 'ஜனதா'வும் 'பைலட்'டும் அரசாங்க உத்தியோகஸ்தர்களின் மணிக்கட்டில் முப்பது ஆண்டு தினந்தோறும் சாவி கொடுக்கப்பட்டு ஓடின. நல்ல கடிகாரங்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாவி கொடுக்கும் கடிகாரம் நாளொன்றுக்குச் சில விநாடியிலிருந்து அரை நிமிஷம் வரை முன்னே பின்னே போகும். ஆகவே அதைச் சரி செய்ய அவர்கள் நகராட்சிச் சங்கையோ வானொலிச் செய்திக்கு முன்னால் வரும் 'பீப்' ஒலியையோ எதிர்பார்த்து, சாவியை இழுத்துப் பிடித்தபடி நிற்பார்கள். மணி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஊருக்கெல்லாம் கேட்ட சங்கு, கையில் வாட்ச் இல்லாதவனுக்கும் அதே மணியைத்தான் இனாமாகச் சொன்னது. வாட்ச்காரருக்கு அதிகப்படியாகக் கிடைத்தது ஒன்று: தெருவில் போகிறவர்களெல்லாம் அவரை நிறுத்தி மணி கேட்டார்கள். பரீட்சைக்கு ஓடும் பையன் கேட்டான். ராகு காலம் முடிந்துவிட்டதா என்று வாசலில் நின்ற அம்மாள் கேட்டாள். அவர் நின்று, முழங்கையை மடக்கி, கண்ணைச் சுருக்கி, "ஒம்பது அடிக்க மூணு நிமிஷம் இருக்கு" என்பார். ஒன்பது ஆகப்போகிறது என்றால் போதாதா? போதாது. அந்த மூன்று நிமிஷத்தில்தான் அவருடைய அந்தஸ்து இருந்தது.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. ஆஸ்பத்திரி நர்ஸ் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விநாடி முள்ளைப் பார்த்து நாடித் துடிப்பு எண்ணுகிறாரே, அதுவும் பேச்சா? கண்டக்டர் டிப்போ நேரம் பார்ப்பது? டயலை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டி, வண்டியின் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமலே மணி பார்க்கிற பெண்கள்? ஒப்புக்கொள்கிறேன், இவர்கள் பார்ப்பது மணிதான். ஆனால் அவர்கள் பார்ப்பது பிறர் கண்ணில் படுவதே இல்லை. கண் தாழும், உயரும், தீர்ந்தது. பார்த்த அடுத்த விநாடி கேளுங்கள், திரும்பப் பார்க்காமலே பதில் வரும். மணி வேண்டியவர் எப்படிப் பார்ப்பார் என்பதற்கு இவர்கள்தாம் அளவுகோல். மற்றவர்கள் கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்குவதன் பொருள் இவர்களை வைத்துத்தான் விளங்குகிறது.

விலையுயர்ந்த கடிகாரக்காரர்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அவர்கள் மணி பார்க்கக் கட்டுவதாகச் சொல்வதே இல்லை. 2016-ல் கர்நாடக முதல்வராக இருந்த சித்தராமையாவின் ஹூப்லோ கடிகாரம் பெரிய சர்ச்சையாகி, கடைசியில் சட்டசபையில் ஒப்படைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலையின் ரஃபேல் கடிகாரத்தைப் பற்றி எழுந்த விவாதம் மாதக்கணக்கில் நடந்தது. இரண்டு விவகாரத்திலும் எல்லாரும் கடிகாரத்தின் விலையைக் கேட்டார்கள், வந்த வழியைக் கேட்டார்கள், பில்லைக் கேட்டார்கள். அது என்ன மணி காட்டியது என்று எந்தக் கட்சியும் கேட்கவில்லை.

இப்போது ஸ்மார்ட்வாட்ச் கட்டிய இளைஞர் வந்திருக்கிறார். அவர் கை அவரைக் கேட்காமலே அதிர்கிறது. உடனே பார்க்கிறார். எதிரில் பேசிக்கொண்டிருந்த மாமா, தன்னைக் கிளம்பச் சொல்கிறான் என்று முகம் சுருங்கி எழுந்துவிடுகிறார். உண்மையில் அது, "வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நில்லுங்கள்" என்று இளைஞருக்கு வந்த உத்தரவு. இருவருமே எழுந்து நிற்கிறார்கள், இருவருக்கும் காரணம் தெரியவில்லை. பழைய மொழியின் சைகைகளைப் பொருள் தெரியாமல் பயன்படுத்தினால் இப்படித்தான் உறவு கெடும்.

செல்போன் வந்ததில் கடிகார வியாபாரம் படுத்துவிடவில்லை என்பது என் கட்சிக்குக் கடைசிச் சாட்சி. எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவு செய்தது. ஆனால் 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் இன்னும் கடிகாரம் செய்துகொண்டிருக்கிறது. மணி சொல்ல ஆளுக்கொரு போன் இருக்கும் நாட்டில், மணி சொல்லும் சாமானைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் வேறு ஏதோ வேலை அதற்கு இருக்கத்தான் வேண்டும். போனில் மணி பார்க்கிறவரை உயர்வாகச் சொல்லவும் முடியாது. மணி பார்க்க எடுத்தவர் நாலு வீடியோ பார்த்து, இரண்டு பேருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிவிட்டு, மணி பார்க்காமலே பைக்குள் போடுகிறார். வாட்ச்காரர் அந்த மட்டில் யோக்கியர். செல்போன் அவரிடமிருந்து பறித்தது ஒரு கேள்வியை மட்டும்தான். தெருவில் யாரும் அவரை நிறுத்துவதில்லை. அதனால்தான் கேட்பார் இல்லாமல் அவர் தானாகவே கையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். அடுத்த முறை பஸ் நிறுத்தத்தில் அவரைக் கண்டால், சட்டைப் பையில் போன் இருந்தாலும் பரவாயில்லை, "மணி என்ன சார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஐந்து நிமிஷம் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.