நெல் லாரியின் மூக்கு: ஐப்பசி நோக்கில் ஓர் ஆய்வு

டீசல் என்ஜின் குடிப்பது கொஞ்சம், இழுப்பது ஏராளம். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 12 கிலோ காற்று வேண்டும். கொள்ளளவில் அது சுமார் 10,000 லிட்டர். டீசல் என்ஜின் எப்போதும் தேவைக்கு மேலேயே காற்றை வாங்குவதால் நடைமுறையில் கணக்கு இன்னும் ஏறும். இத்தனை காற்றும் நுழைகிற வாயைப் பற்றி அறிஞர் எவரும் வாய் திறந்ததில்லை. சைலன்சருக்கு உள்ள புகழில் கால்வாசியும் அதற்கு இல்லை. சைலன்சர் சத்தம் போடும், இது போடாது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆய்வுக்குரிய நிலம் காவிரிப் படுகை. பொழுது ஐப்பசி, கார்த்திகை. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீரை நம்பி நட்ட குறுவை அறுப்புக்கு வந்து களத்தில் கிடக்கும்போது வடகிழக்குப் பருவமழையும் வந்து சேரும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டை ஏற்றி, கிடங்குக்கோ தஞ்சாவூர், நீடாமங்கலம் ரயிலடிக்கோ போகும் லாரிகள் இந்த மழையில்தான் வரிசை கட்டி நிற்கும். நெல்லுக்குத் தார்ப்பாய் உண்டு. ஓட்டுநருக்குக் கேபின் உண்டு. என்ஜினின் மூக்கு மட்டும் வெளியே கிடக்கும்.

அதற்குப் பகை இரண்டு. ஏற்றும் இடத்தில் சுணையும் பதரும். போகும் வழியில் தண்ணீர். இது தெரிந்துதான் பல லாரிகளில் காற்றுக் குழாயைக் கேபினுக்குப் பின்னால் உயரத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஏர் கிளீனர் டப்பாவின் அடியில் ரப்பர் உதடு ஒன்றும் தொங்கும். என்ஜின் இழுக்கும்போது அது மூடிக்கொள்ளும். இழுப்பு தணிந்ததும் திறந்து தூசியையும் தண்ணீரையும் கீழே தள்ளும். விரலால் அமுக்கிப் பார்த்தால் சுணையும் சேறும் குழைந்த கரும்பசை உருண்டு விழும். இந்த உதட்டைப் பழைய ரப்பர் என்று பிடுங்கி எறிவார் ஒரு சாரார்; கம்பியால் இறுகக் கட்டுவார் மற்றொரு சாரார். முன்னவர் டப்பாவில் தூசி ஏறும், பின்னவர் டப்பாவில் தண்ணீர் தேங்கும்.

இனி மாற்றியமைத்தல். “வண்டி இழுக்கவில்லை” என்ற முறையீட்டில் தொடங்குவது இழுவை மரபு. டப்பாவின் மூடியில் ஓட்டை போடுவதும், உள்ளேயிருக்கும் காகித வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் இம்மரபின் கொள்கைகள். ஓட்டை போட்டதும் உறுமல் கூடும். இழுவையும் கூடிவிட்டதாகக் காது சாட்சி சொல்லும். அடைத்துப்போன வடிகட்டியை மாற்றியிருந்தாலே வண்டி இழுத்திருக்கும் என்பது எதிர்த்தரப்பு வாதம். அதுவே சரி. ஓட்டை முன்சக்கரத்தின் பக்கமாக அமைந்துவிட்டால் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீரும் உள்ளே போகும்.

உயர்த்தும் மரபு இதைவிடக் கௌரவமானது. நீர்மூழ்கிக் கப்பலின் டீசல் என்ஜினுக்கு மேலே நீளும் காற்றுக்குழாயை டச்சுக் கடற்படை 1930களில் பொருத்தியது. 1940இல் நெதர்லாந்தைப் பிடித்த ஜெர்மானியர் அதை எடுத்து வளர்த்தனர். குளத்தில் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கும் படுகை எருமை காப்புரிமை எதுவும் கோராமல் இதையே செய்துவருகிறது. ஆனால் குழாயை எத்தனை அடி உயர்த்தினாலும், கீழே ஹோஸ் சேரும் இடத்தில் கிளாம்பு தளர்ந்திருந்தால் என்ஜின் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். உயரத்தைப் பெருமையாகக் காட்டுவோர் கிளாம்பைக் காட்டுவதில்லை.

தண்ணீர் உள்ளே போனால் என்ன? டீசல் என்ஜின் காற்றை 16 முதல் 20 மடங்கு அமுக்கிச் சூடாக்கித்தான் டீசலைப் பற்றவைக்கிறது. தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே போக வழியில்லாமல் கனெக்டிங் ராடு வளையும். ரயில்வே கீழ்ப்பாலத்துத் தண்ணீரில் அணைந்துபோன வண்டிக்கு மறுபடி செல்ஃப் அடிப்பவர், பிழைத்திருக்கக்கூடிய என்ஜினையும் தம் கையாலேயே முடித்துவைக்கிறார்.

எஞ்சியது மூடியியல். இதன் பிறப்பிடம் டிராக்டர். சைலன்சர் வானம் பார்த்து நிற்பதால், நிறுத்தும்போது அதன் தலையில் எதையாவது கவிழ்ப்பது படுகையெங்கும் வழக்கம். கொட்டாங்கச்சி, பால்பவுடர் டின், ஓட்டைச் சொம்பு என அது பல வகைப்படும். மறந்து ஸ்டார்ட் செய்தாலும் கேடில்லை; புகை டின்னைத் தூக்கியெறியும், டின் வரப்பில் போய் விழும். இந்த வெற்றியில் மயங்கி அதே முறையைக் காற்று வாய்க்கும் நீட்டியதில்தான் கோட்பாடு சறுக்கியது. உரச்சாக்கோ பாலித்தீன் பையோ கட்டிய வாயோடு ஸ்டார்ட் செய்தால் பை குழாயில் ஒட்டிக்கொள்ளும், கரும்புகை கக்கும், என்ஜின் திணறும். பை கிழிந்தால் துண்டுகள் உள்ளே போகும். என்னை எனின், சைலன்சர் தள்ளுவது, காற்று வாய் இழுப்பது என்க. மழைக்காலத்து மெக்கானிக் வடிகட்டியில் ஒட்டிய பாலித்தீனைப் பிய்த்தெடுக்கும்போது ஓட்டுநர் வேறு பக்கம் பார்ப்பார்.

நிறுத்திய விமானங்களின் காற்று வாய்க்கும் மூடி போடுகிறார்கள். மறதிக்கு மருந்தாக அதில் சிவப்பு நாடா தொங்கவிடுவது உலகெங்கும் வழக்கம். 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு ஒன்று தொடங்கப்பட்ட விமானப்படைத் தளம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. உரச்சாக்குக்கு மட்டும் அந்த நாடா இன்னும் வந்து சேரவில்லை. சாக்கில் ஒரு முழம் சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிடலாம், அல்லது வண்டிச் சாவியையே சாக்கோடு முடிந்துவைக்கலாம். லாரிக்காரர்களும் டிராக்டர்காரர்களும் இரண்டில் ஒன்றை ஐப்பசி பிறக்குமுன் செய்துவிடுவது நல்லது.