ஆப்பரேட்டர் அண்ணன் அப்போதே செய்தார்

படங்களுக்கு மார்க் போடும் வேலையை நான் 1984-ல் ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, சம்பளமும் கிடையாது. மாமா கணக்கெழுதிய அரிசி மண்டியிலிருந்து வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு டைரி வரும். பால் கணக்கும் பலசரக்குக் கணக்கும் எழுதி அம்மா தீர்த்தது போக மிச்சப் பக்கங்கள் எனக்கு. படத்தின் பெயர், டிக்கெட் விலை, பத்துக்கு எத்தனை, பக்கத்தில் ஒரு வரி அபிப்பிராயம். இன்றைக்கும் விடாமல் எழுதுகிறேன். மண்டி இப்போது இல்லை, மாமாவும் இல்லை. டைரியை மட்டும் மகள் வாங்கித் தந்துவிடுகிறாள்.

சமீபத்து வருஷங்களின் பக்கங்களைப் புரட்டினால், புதுப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறார் என்று தெரிகிறது. அம்மாச்சி ஊர் டூரிங் டாக்கீஸின் ஆப்பரேட்டர் அண்ணன்.

மதுரைக்கு மேற்கே ஒரு கிராமம். கீற்றுக் கொட்டகை. ரிக்கார்டில் சீர்காழியின் விநாயகர் பாட்டு கிளம்பினால் ஊரே சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடும். தரை டிக்கெட் என்றால் மணல். முன்னால் இருப்பவன் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேலே ஏறி உட்காரலாம். அவனும் அவனுக்கு முன்னால் இருப்பவனுக்காகக் குவிப்பான். இடைவேளைக்குள் எல்லோரும் பழைய உயரத்துக்கே வந்து சேர்ந்திருப்போம். ஒரே மெஷின்தான். ரீல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். நடுவில் படம் மங்கினால், "கார்பனத் தள்ளுங்கண்ணே!" என்று கொட்டகையே கத்தும். உள்ளே கார்பன் குச்சி எரிந்து குட்டையாகி வெளிச்சம் இறங்குகிறது என்பது அந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

ஆப்பரேட்டர் அண்ணனுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. பங்குக் கிணறு. விடியற்காலையில் அவருடைய தண்ணீர் முறை வரும் நாட்களில் ரெண்டாவது ஆட்டம் சுருங்கிவிடும். ஒரு ரீல் ஆயிரம் அடி, சுமார் 11 நிமிடம். அவர் பார்வையில் எந்தப் படத்திலும் தேவையில்லாத ரீல் ஒன்று இருக்கவே செய்தது. தங்கச்சி கல்யாணம் பேசும் ரீல், இல்லாவிட்டால் காமெடியன் மாமனாரிடம் அடி வாங்கும் ரீல். "கதைக்கு என்னய்யா குறைஞ்சுபோச்சு?" என்று மறுநாள் டீக்கடையில் கேட்பார். யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. உண்மையிலேயே குறைந்திருக்காது.

2024 ஜூலையில் 'இந்தியன் 2' வந்தது. மூன்று மணி நேரம். வெளியான சில நாட்களிலேயே 12 நிமிடத்தை வெட்டினார்கள். ஒரு ரீலுக்குக் கொஞ்சம் மேல். என் டைரியில் மார்க்குக்குப் பக்கத்தில், "தண்ணீர் முறை போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன்.

அதே வருஷம் செப்டம்பர் 27-ல் 'மெய்யழகன்'. முதல் நாளே வீட்டம்மாவோடு போனேன். தஞ்சாவூர் வீட்டை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பிள்ளையாக அரவிந்த் சாமி. பல வருஷம் கழித்து நீடாமங்கலத்துக் கல்யாணத்துக்கு வருகிறார். கார்த்தி ஓடி ஓடிக் கவனிக்கிறார். அந்த ஆள் யார், பெயர் என்ன என்று இவருக்கு ஞாபகமே வரவில்லை, கேட்கவும் கூச்சம். நம் வீட்டுக் கல்யாணங்களில் நாம் படும் பாடுதான். அதை ஒரு முழுப் படமாக்கலாம் என்று பிரேம்குமாருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். அந்தப் பழைய சைக்கிள் விஷயம் வரும்போது வீட்டம்மா முந்தானையை எடுத்துவிட்டாள். எனக்குக் கண்ணாடியில் ஏதோ தூசி. எட்டு மார்க்.

நாலைந்து நாளில் அதிலும் 18 நிமிடத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ரீல். வெட்டிய பிறகு பார்த்த நண்பனும் வெட்டுவதற்கு முன் பார்த்த நானும் மதுரை டவுன்ஹால் ரோட்டில் நின்று சண்டை போட்டோம்.

"ராத்திரிப் பூரா பேசுவாய்ங்களே மாப்ள, அதுல ஒரு இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

"எந்த எடம்?"

சொன்னேன்.

"அப்படி ஒரு பேச்சே படத்துல இல்லையேடா."

"நீ தூங்கியிருப்ப."

"நீ கனா கண்டிருப்ப."

டூரிங் டாக்கீஸ் காலத்திலும் இதே சண்டை உண்டு. வெள்ளிக்கிழமை பார்த்தவனும் தண்ணீர் முறையன்று பார்த்தவனும் ஒரே கதையை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்குப் பஞ்சாயத்து பண்ண ஆப்பரேட்டர் அண்ணனே இருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

அவருடைய இன்னொரு சாதனையையும் சொல்ல வேண்டும். ஒரு ராத்திரி, தூக்கக் கலக்கமோ வேறு கலக்கமோ, ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். சிவாஜி படம். சிவாஜி இருமி, வசனம் பேசி, எல்லோரையும் அழவைத்துச் செத்துப்போனார். பெண்கள் பக்கம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது விளக்கு எரிந்து அணைந்தது. அடுத்த ரீலில் அதே சிவாஜி கோட்டு சூட்டோடு பூங்காவில் டூயட் பாடினார். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. என் அம்மாச்சி மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, "மகராசன் பொழைச்சுக்கிட்டாரு" என்றாள். கடைசி வரைக்கும் அது ரீல் கோளாறு என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

2024 ஜூனில் 'மகாராஜா' பார்த்தபோது எனக்கு அம்மாச்சி ஞாபகம். முடிவெட்டும் கடைக்காரராக விஜய் சேதுபதி. லட்சுமியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறார். லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி. இதுவரை சரி. பிறகு முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் ஓட ஆரம்பித்தது. பழக்க தோஷம், ரீல் மாறிவிட்டது என்று நினைத்துத் திரும்பி மேலே பார்த்தேன். அந்தச் சந்திலிருந்து ஒளி வருகிறதே தவிர உள்ளே கத்திச் சொல்ல ஆள் இல்லை. "அப்பா, அப்படித்தான் எடுத்திருக்காங்க, பேசாமப் பாருங்க" என்றாள் மகள். கடைசியில் முடிச்சு அவிழ்ந்தபோது தியேட்டர் கைதட்டியது, நானும் தட்டினேன். நல்ல படம்தான், இயக்குநர் நித்திலன் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் ஆப்பரேட்டர் அண்ணனுக்கு அன்றைக்கு நாங்கள் கொடுத்தது மணல் உருண்டையும் கெட்ட வார்த்தையும்.

'வீர தீர சூரன்' கதை அதற்கும் மேலே. எங்கள் ஊர்க் கதை, ஒரே ராத்திரியில் நடப்பது, மளிகைக் கடைக்காரராக விக்ரம். 2025 மார்ச் 27 காலைக் காட்சிக்குப் போய் நின்றால், டெல்லி உயர் நீதிமன்றத் தடையாம், காட்சி இல்லை. "கேடிஎம் வரலை சார்" என்றான் டிக்கெட் கிழிக்கும் பையன். டிஜிட்டலில் படம் பெட்டியாக வராது. முன்கூட்டியே வந்து பூட்டிக் கிடக்கும், சாவி மட்டும் கடைசி நிமிடத்தில் கம்ப்யூட்டருக்கு வரும். அந்தச் சாவிதான் கேடிஎம். அவன் சொன்ன முகபாவத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஒரே பெட்டியை ரெண்டு தியேட்டர்கள் பங்கு போட்ட காலத்தில், "பொட்டி சமயநல்லூர் தாண்டிருச்சு, இந்தா வந்துரும்" என்று மேனேஜர்கள் சொல்லும் முகம். பெட்டி சமயநல்லூரைத் தாண்டியதே இல்லை. இந்தச் சாவி சாயந்தரம் வந்துவிட்டது. அந்தப் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும்.

படம் ஆரம்பித்தது. முன்கதை ஏதோ நடந்து முடிந்த மாதிரி எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். பாதியில் வந்து உட்கார்ந்தவன் மாதிரி முழித்தேன். அந்தக் காலத்தில் லேட்டாகப் போனால் பக்கத்து ஆளிடம், "அண்ணே, இதுவரைக்கும் என்னண்ணே ஆச்சு?" என்று கேட்போம், அவரும் முறுக்கைக் கடித்தபடியே சொல்வார். இங்கே பக்கத்து ஆளுக்கும் தெரியாது. ஏனென்றால் இது பாகம் 2. பாகம் 1 இன்னும் வரவில்லை. ரெண்டாம் பாகத்தை முதலில் விட்டிருக்கிறார்கள். ஆப்பரேட்டர் அண்ணனுக்கே இவ்வளவு துணிச்சல் இருந்ததில்லை. ஏழு மார்க்.

'கங்குவா'வுக்கு மார்க் போடவில்லை, காது அடைத்திருந்தது. ஒரு காலத்தில் வசனம் கேட்காமல், "சவுண்டு! சவுண்டு!" என்று கத்தித் தொண்டை கட்டிய பரம்பரை நாங்கள். 2024 நவம்பரில் அந்த வேண்டுதல் மொத்தமாக நிறைவேறியது. சத்தத்தை ரெண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளர் தரப்பே தியேட்டர்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு. வீட்டம்மா கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். கோயிலில் விளக்குப் போட வைத்திருந்த திரி.

பாட்டுப் புத்தகம் என்று ஒன்று இருந்தது. தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்பார்கள். பாட்டுகளோடு கதைச் சுருக்கமும் இருக்கும். நாயகி ஆபத்தில் மாட்டும் இடத்தில் சரியாக நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லிவிடுவார்கள். இப்போது காலைக் காட்சி இடைவேளையிலேயே ஒருவர் தியேட்டர் வாசலில் நின்று செல்போனில் கதையை ஊருக்குச் சொல்லிவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அது ஏன் என்றால், 1991.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 5. 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் ரிலீஸ். காலையில் 'தளபதி'. டிக்கெட் கவுண்டர் என்பது ஆள் அகலத்துக்கு ஒரு சந்து, மேலே கம்பி. வரிசையில் நிற்பவர்களின் தோளில் ஏறி ஆட்கள் நடந்து போனார்கள். சுவரில் இருந்த ஓட்டைக்குள் என் கையும் இன்னும் மூன்று கைகளும் நுழைந்திருந்தன. வெளியே இழுத்தபோது டிக்கெட் இருந்தது, விரல் முட்டியில் தோல் இல்லை. அந்தக் காயத்தோடும் தூக்கமில்லாத கண்ணோடும் சாயந்தரம் 'குணா'வுக்குப் போனோம். டைரியில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. 'தளபதி – 9. ரஜினி, மம்மூட்டி, இளையராஜா. வேறென்ன வேணும்.' கீழே: 'குணா – 3. கிறுக்குப் படம். இடைவேளையில் கிளம்பியாச்சு. புரோட்டா நல்லா இருந்தது.'

2024 பிப்ரவரியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தது. மலையாளப் படம். எங்கள் ஊர் தியேட்டரில் தமிழ்ப் படத்துக்கு இல்லாத கூட்டம். கொடைக்கானலில் டெவில்ஸ் கிச்சன் என்று இருந்த பள்ளம், 'குணா' ஷூட்டிங்குக்கு அப்புறம் குணா குகை ஆனது. 2006-ல் அதற்குள் விழுந்த நண்பனை மற்ற பையன்கள் காப்பாற்றிய நிஜக் கதை. பள்ளத்திலிருந்து அவனை மேலே தூக்கும்போது 'குணா' படத்துப் பாட்டு எழும்புகிறது. தியேட்டர் எழுந்து நின்றது. நானும் நின்றேன். தூசி என்று சொல்லக் கண்ணாடியும் அன்றைக்குப் போட்டிருக்கவில்லை. அழுகைதான்.

மறுநாள் ஆபீஸ் டீ நேரத்தில் சின்னப் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார், நீங்க 'குணா'வ தியேட்டர்லயே பாத்துருப்பீங்கள்ல?"

"ரிலீஸ் அன்னைக்கே."

"அந்தப் பாட்டுக்குத் தியேட்டர் எப்படி சார் இருந்துச்சு?"

"கப்புனு அடங்கிருச்சுப்பா. மூச்சு விடுற சத்தம் கூட இல்ல."

அந்தப் பாட்டு இடைவேளைக்கு முன்பா பின்பா என்பதே எனக்குத் தெரியாது. முன்பு என்றால் தூங்கியிருக்கிறேன். பின்பு என்றால் சால்னாவில் ரெண்டாவது புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் பையன்களின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்த முடியவில்லை. "இந்தப் படத்த அப்ப யாருமே புரிஞ்சுக்கலப்பா" என்று பெருமூச்சு வேறு விட்டேன். அதில் மட்டும் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அன்று ராத்திரி பழைய டைரிகளை எடுத்துவைத்துக்கொண்டு என்னையே ஆடிட் பண்ணினேன். 'அன்பே சிவம்', 2003 பொங்கல்: 'பேச்சு ஜாஸ்தி. 4.' இன்றைக்கு அந்தப் படத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்குப் போகிறேன். 'கில்லி', 2004: 'ஓடிக்கிட்டே இருக்காய்ங்க. 5.' இருபது வருஷம் கழித்து ரீ-ரிலீஸில் அதைப் பார்த்து விசிலடித்து, பல் செட்டைப் பத்திரமாகக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 'பொன்மனச் செல்வன்', 1989: மார்க் இருக்கிறது, பாட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதே படத்துப் பாட்டைத்தான் 'லப்பர் பந்து'வில் 'அட்டகத்தி' தினேஷ் மட்டையோடு நடந்து வரும்போது போட்டார்கள். அந்தப் பாட்டுக்கு நடித்த விஜயகாந்த் மறைந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. தியேட்டரே பாடியது. என்னைத் தவிர எல்லோருக்கும் வரிகள் தெரிந்திருந்தன.

இந்த லட்சணத்தில்தான் 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு 8 என்றும், இன்னொரு பெரிய படத்துக்கு 2 என்றும் தைரியமாக எழுதி வைத்திருக்கிறேன். இலங்கையிலிருந்து படகேறி வரும் குடும்பத்தைச் சென்னையில் ஒரு தெருவே சொந்தமாக்கிக்கொள்ளும் கதையை, அபிஷன் ஜீவிந்த் முதல் படத்திலேயே அலட்டாமல் சொல்லிவிட்டார். அந்த எட்டில் கை வைக்க மாட்டேன். அந்த ரெண்டைத்தான் போன வாரம் பேனாவிலிருந்து பென்சிலுக்கு மாற்றினேன்.

இந்தச் சனிக்கிழமைக்கும் ஒரு படம். மகள் செல்போனில் சீட்டுப் படத்தைத் திறந்தாள். பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். சந்தும் இல்லை, ஓட்டையும் இல்லை, முட்டித் தோலுக்குச் சேதாரமும் இல்லை. அதற்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு ஒரு ஜிஎஸ்டி.

"நடுவுல நல்ல எடமா இருக்குப்பா, போட்டுரவா?"

"வேணாம்மா. ஓரத்துலயே போடு."

"எதுக்கு? பிடிக்கலைன்னா எந்திரிச்சு வரவா?"

"இல்லம்மா. இடைவேளை வரைக்கும் தாங்காது."

"எது, படமா?"

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது.